பழஞ்சேலையும் கூழ்மணியும்

பொட்டிப்புரம் என்னும் ஊர்ப்பெயரை இயற்பியல் படித்தவர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர் இது. இதன் அருகே மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கும் திட்டத்திற்கு 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதையொட்டி எழுந்த எதிர்ப்பும் வழக்குகளும் செய்தித்தாள்களில் நெடுநாள் அடிபட்டன. நியூட்ரினோ எதிலும் ஒட்டாமல் பூமியையே ஊடுருவிச் சென்றுவிடும் துகள். இங்கே நான் சொல்ல வந்த பொருளோ அதற்கு நேர்மாறான குணம் உடையது. தன்னிடம் வந்த நீரைப் பிழிந்தாலும் விடாது.

ஓர் ஐப்பசி மாதம், நல்ல மழைக்கு மறுநாள், பொட்டிப்புரம் பக்கத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர் கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே பளபளவென்று நீர்மணிகள். "சார், எங்க ஊரு ஓடையில கிடந்துச்சு. வேக வச்ச ஜவ்வரிசி மாதிரி இருக்கு. ஆனா வெயில்ல வச்சாலும் சீக்கிரம் காய மாட்டேங்குது. என்ன சார் இது?" என்றார். முதலில் அவரை எழுப்பிச் சோப்புப் போட்டுக் கைகழுவி வரச் சொன்னேன். எனக்கு அது என்னவென்று பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. அன்று காலையில்தான் அதே பொருள் அடங்கிய பொட்டலம் ஒன்றை என் கையாலேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்திருந்தேன். எங்கள் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

அந்த மணிகள், குழந்தைகளுக்குக் கட்டி எறியும் டயாப்பரின் உள்ளே இருப்பவை. எந்த நிறுவனத்தின் சரக்கானாலும் எங்கள் பக்கத்துக் கடைகளில் அதற்கு 'பேம்பர்ஸ்' என்றே பெயர். பெட்டிக்கடை வாசலில் ஷாம்பூப் பொட்டலச் சரத்தோடு சரமாக அதுவும் தொங்குகிறது. ஒன்றைக் கிழித்து வாங்கிக்கொண்டு பேருந்து ஏறலாம். ஒரு தலைமுறைக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கில் இப்பொருள் கிடையாது. அது எப்படி வந்தது, அதற்கு முன் என்ன இருந்தது, அது போக வேண்டுமானால் எதன் இடத்திற்கு மற்றொன்று வரவேண்டும் என்னும் கேள்விகள் அந்தக் குப்பியிலிருந்து கிளம்பியவை.

தூளிக்கு அடியில்

துணி டயாப்பருக்கு மாறுவதைப் 'பழைய முறைக்குத் திரும்புதல்' என்று பலர் சொல்கிறார்கள். நம் ஊர்களைப் பொறுத்தவரை இது முழு உண்மையன்று. நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு இடுப்பில் இறுகக் கட்டும் துணி என்பதே அரிதாக இருந்தது. அரைஞாண் கயிறு ஒன்றுதான் இடுப்பில் கிடக்கும். கீழே விரிப்பாக ஒரு பழந்துணி. பிறந்த சில மாதங்களில், தாயோ பாட்டியோ கால்களை நீட்டி அமர்ந்து, இரு பாதங்களுக்கும் இடையே குழந்தையை உட்கார வைத்து மலங்கழிக்கப் பழக்குவார்கள். உறங்கும் நேரத்தில் சேலைத் தூளி.

இந்தத் தூளியைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒற்றை மடிப்புப் பருத்திச் சேலை. அதன் இழை இடுக்கு வழியே சிறுநீர் நேராகக் கீழே மண்தரைக்கு வடிந்துவிடும். துணியின் அடிப்புறம் காற்றில் திறந்து கிடப்பதால் மிச்ச ஈரமும் விரைவில் உலரும். நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே அங்கில்லை. போக விட்டுவிடுவதே அதன் உத்தி. வெப்பமான ஊர், மண்தரை, வீட்டில் எந்நேரமும் ஓர் ஆள் என்னும் மூன்று நிலைமைகளுக்கு ஏற்ற ஏற்பாடு அது. சிமெண்டுத் தரையும் மாடி வீடும் வேலைக்குச் செல்லும் தாயும் வந்தபோது மூன்றும் ஒருசேர மாறிவிட்டன.

விரிப்புக்கும் துடைப்புக்கும் புதுத்துணியை யாரும் பயன்படுத்துவதில்லை. வறுமை மட்டும் இதற்குக் காரணமன்று. புதுப் பருத்தித் துணியில் நெசவுக் கஞ்சி இருக்கும். இழைமேல் இயற்கையான மெழுகுப் பூச்சும் சிறிது இருக்கும். இரண்டும் நீரை விலக்கும். நூறு முறை துவைத்த சேலையில் இவை போய்விடுகின்றன. பருத்தி இழை என்பது பெரும்பாலும் செல்லுலோஸ். அதன் மூலக்கூறெங்கும் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை ஈர்க்கின்றன. இழைகளுக்கு இடைப்பட்ட மெல்லிய சந்துகள் நுண்புழைகளாகச் செயல்பட்டு, பரப்பு இழுவிசையால் நீரை இழுத்துப் பரப்புகின்றன. ஆகவே பாட்டியின் கிழிந்த சேலை, கடையின் புதுத் துணியைவிட நல்ல உறிஞ்சு துணி.

இனி, அந்தத் துணிகளை வெளுத்தது யார்? இந்தக் கேள்வியைப் பெரும்பாலான கட்டுரைகள் தொடுவதில்லை. பிள்ளைப்பேற்றுத் துணிகளைத் 'தீட்டுத்துணி' என்று ஒதுக்கி, ஊருக்கு ஊழியம் செய்யும் சலவைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணிடம் கொடுத்துவிடுவதே தென் மாவட்டங்களின் வழக்கமாக இருந்தது. கூலி என்பது அறுவடைக் களத்தில் அளக்கும் தானமும் அந்தியில் வீடுவீடாக எடுக்கும் சோறும். அவர்கள் துணியை உவர்மண் கரைத்த நீரில் நனைத்து, வெள்ளாவிப் பானையைச் சுற்றி அடுக்கி மூடி, இரவெல்லாம் நீராவியில் வேக வைப்பார்கள். உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் போன்ற காரப் பொருள்கள் உண்டு. அவை மலத்திலும் இரத்தத்திலும் உள்ள புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கின்றன. நீராவி கிருமிகளைக் கொல்லுகிறது. ஜெர்மனியில் ராபர்ட் காக்கும் அவருடைய துணைவர்களும் உலர்ந்த வெப்பத்தைவிட நீராவியே கிருமி நீக்கத்திற்குச் சிறந்தது என்று ஆய்ந்து வெளியிட்டது 1881-இல். வெள்ளாவியின் வயது அதைவிடப் பன்மடங்கு அதிகம். கிருமியைப் பற்றி எதுவும் தெரியாமலே கைகூடிய தொழில்நுட்பம் இது. ஆனால் அதைச் செய்தவரைத் திண்ணைக்கு இப்பால் ஏற்றாத ஊர், அந்த வேலையை அறிவு என்றும் கருதவில்லை. அக்குடும்பங்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குச் சென்றபோது ஊர் ஊழியம் நின்றுபோயிற்று. நிற்க வேண்டியதும்கூட. அதன்பின் அந்த வாளி வீட்டுப் பெண்களின் கைக்கு வந்தது.

குளிர்நாட்டுத் தேவை

குளிர்நாடுகளில் கதை வேறு. குழந்தையைத் திறந்த உடலோடு விட முடியாது. எனவே அங்கே இடுப்புத் துணி கட்டாயமாயிற்று. ஆங்கிலத்தில் 'டயாப்பர்' என்பது முதலில் குழந்தைத் துணியைக் குறிக்கவில்லை. சிறு வைரக்கட்டங்கள் தெரியும்படி நெய்த ஒருவகைத் துணியின் பெயர் அது. அதை மடித்துக் குழந்தைக்குக் கட்டியதால் பெயர் பொருளுக்கு ஏறிவிட்டது. 1849-இல் வால்ட்டர் ஹண்ட் என்ற அமெரிக்கர் மூடும் ஊக்குக்குக் காப்புரிமை பெற்று, அதை 400 டாலருக்கு விற்றுவிட்டார். அந்த ஊக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் குழந்தைத் துணிகளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

துணியாலும் துன்பம் வரும் என்பதை மருத்துவர்கள் அறிந்தது 1886-இல். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் திடீரென நீலம் பாரித்தன. துணிகளில் அடையாள முத்திரை குத்தப் பயன்பட்ட அனிலின் சாயம், துவைக்காத புதுத்துணியின் வழியே தோலுக்குள் சென்று இரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுத்திருந்தது. காரணத்தைக் கண்டறிந்து எழுதியவர் ரேனர் என்னும் மருத்துவர். 'புதுத்துணியை அலசாமல் பிள்ளைக்குப் போடாதே' என்று நம் பாட்டிகள் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அடுத்து, புண் பற்றிய ஆராய்ச்சி. 1921-இல் அமெரிக்காவின் குக் என்ற குழந்தை மருத்துவர், சிறுநீரிலுள்ள யூரியாவை ஒருவகை நுண்ணுயிர் சிதைத்து அம்மோனியாவாக்குகிறது, அந்த அம்மோனியாவே தோலைச் சுடுகிறது என்றார். விடியற்காலையில் ஈரத்துணியைப் பிரிக்கும்போது மூக்கில் ஏறும் நெடியை அறிந்த எவரும் இதை உடனே நம்பிவிடுவர். ஐம்பதாண்டுகளுக்கு மேல் இவ்விளக்கம் பாடநூல்களில் இருந்தது. ஆனால் 1977-இல் லைடன் குழுவினர், புண் உள்ள குழந்தைகளிடமும் இல்லாத குழந்தைகளிடமும் அம்மோனியா அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென்று காட்டினர். 1980-களில் வந்த ஆய்வுகள் இன்னும் சற்று உள்ளே சென்றன. அம்மோனியா நேராகச் சுடுவது குறைவு. அது தோலின் அமிலத் தன்மையை மாற்றுகிறது. அந்தக் காரச் சூழலில் மலத்திலுள்ள புரதம் செரிக்கும் நொதிகளும் கொழுப்புச் செரிக்கும் நொதிகளும் வலுப்பெற்றுத் தோலை அரிக்கின்றன. ஆகவே சிறுநீரும் மலமும் கலந்து, ஈரத்தோடு, காற்றின்றி நெடுநேரம் கிடப்பதே குற்றவாளி. கட்டியது துணியா காகிதமா என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

பாராசூட் துணியிலிருந்து மரக்கூழுக்கு

எறிந்துவிடும் டயாப்பரின் பிறப்புக்கு இரண்டாம் உலகப்போர் ஒரு காரணம். போர்க்காலத்தில் பருத்தி கிடைக்காத சுவீடனில் மரக்கூழ்த் தாளை அடுக்கித் திண்டாக்கினர். பிரிட்டனில், ஒரு படை அதிகாரியின் மனைவியான வேலரி ஹண்டர் கார்டன், மூன்றாம் குழந்தை பிறந்த 1947-இல், துவைத்துச் சலித்துப்போய், பழைய பாராசூட் நைலானில் வெளியுறை தைத்து, உள்ளே எறிந்துவிடும் திண்டு வைத்தார். 'பேடி' என்ற பெயரில் அது ஒரு நிறுவனத்தின் வழியே விற்பனைக்கும் வந்தது. அமெரிக்காவில் மாரியன் டோனவன் 1946-இல் குளியலறைத் திரைச்சீலையை வெட்டி நீர் கசியாத மேலுறை தைத்தார். ஊக்குக்குப் பதிலாக அழுத்தும் பித்தான்கள் வைத்தார். 1951-இல் காப்புரிமை கிடைத்தது. முழுதும் எறிந்துவிடும் காகித டயாப்பர் ஒன்றைச் செய்யலாம் என்று அவர் ஆலை முதலாளிகளிடம் சென்றபோது, யாருக்கு வேண்டும் இது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேட்டவர்கள் அனைவரும் ஆண்கள் என்பதை நான் தனியே சொல்ல வேண்டியதில்லை.

சில ஆண்டுகள் கழித்துப் புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தின் வேதிப் பொறியாளர் விக்டர் மில்ஸ், தம் பேரக்குழந்தைக்குத் துணி மாற்றும் வேலையில் சிக்கி, தம் குழுவை இதில் இறக்கினார். முதல் சோதனை விற்பனை டல்லாஸ் நகரில், நல்ல கோடையில். நெகிழிக் காற்சட்டைக்குள் திண்டு வைத்த அமைப்பு அது. குழந்தைகள் வேர்த்து வெந்துபோயின, சோதனை படுதோல்வி. தேனியின் சித்திரை வெயிலை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. அமைப்பை மாற்றி 1961-இல் இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில் 'பேம்பர்ஸ்' என்ற பெயரோடு மறுபடி விற்றுப் பார்த்தார்கள். இம்முறை பொருள் பிடித்திருந்தது, ஒன்று 10 சென்ட் என்ற விலை பிடிக்கவில்லை. எந்திரங்களை வேகப்படுத்தி விலையைக் குறைத்த பின்புதான் அது பரவியது.

ஆனால் அந்த டயாப்பரில் நம் மாணவரின் குப்பியில் இருந்த மணிகள் இல்லை. வெறும் மரக்கூழ் மட்டும். மணிகளின் கதையும் அதே பியோரியாவில் ஒரு பகுதி நடந்தது. அங்கே அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று உண்டு. மக்காச்சோள மாவுச்சத்துக்குப் புதிய பயன்கள் தேடிக்கொண்டிருந்த அறிஞர்கள், மாவுச்சத்து மூலக்கூறில் ஒரு செயற்கைப் பல்லுறுப்பியை ஒட்டுப்போட்டுக் காரத்தில் கொதிக்க வைத்தபோது, தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு நீரைக் குடிக்கும் பொருள் கிடைத்தது. 1976-இல் காப்புரிமை பெற்ற இதை விதையைச் சுற்றிப் பூசவும், வறண்ட மண்ணில் ஈரம் காக்கவும் பயன்படுத்த எண்ணினர். தனியார் நிறுவனங்களும் 1960-களிலிருந்தே இதே திசையில் முயன்றுவந்தன. 1978-இல் ஜப்பானின் சான்யோ கெமிக்கல் நிறுவனம் இதை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்க, 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் 1986-இல் அமெரிக்காவிலும் டயாப்பருக்குள் கூழ்மணி புகுந்தது. திண்டின் பருமன் பாதியாகச் சுருங்கியது. வானம் பார்த்த மண்ணுக்கென்று எண்ணிய பொருள் குழந்தையின் இடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது எனலாம். பின்னாளில் புதுடில்லி வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் செல்லுலோஸ் அடிப்படையில் 'பூசா ஹைட்ரோஜெல்' என்ற கூழ்மத்தை உருவாக்கி, அதை மானாவாரி நிலத்திற்கே திருப்பிக் கொண்டுவந்தது.

குப்பியில் ஒரு சோதனை

மணி எப்படி இவ்வளவு நீரைப் பிடிக்கிறது? இன்று பயன்படுவது சோடியம் பாலிஅக்ரிலேட். நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்; சங்கிலி நெடுகக் கார்பாக்சிலேட் என்னும் எதிர்மின் தொகுதிகள்; அவற்றுக்குத் துணையாகச் சோடியம் நேர் அயனிகள். அங்கங்கே சங்கிலிகளைக் குறுக்கே முடிச்சுப் போட்டிருப்பதால் பொருள் கரைந்து ஓடிவிட முடியாது. நீர் பட்டவுடன் சோடியம் அயனிகள் விடுபடுகின்றன, ஆனால் எதிர்மின் சங்கிலியை விட்டு வெளியேற முடியாமல் உள்ளேயே அடைபட்டிருக்கின்றன. உள்ளே அயனிச் செறிவு மிகுதி, வெளியே குறைவு. ஆகவே ஊடுபரவல் அழுத்தம் வெளியிலுள்ள நீரை உள்ளே தள்ளுகிறது. ஒத்த மின்னூட்டம் கொண்ட சங்கிலிகள் ஒன்றையொன்று விலக்கி விரிகின்றன. முடிச்சுகளின் மீள்விசை போதும் என்று இழுக்கும் இடத்தில் வீக்கம் நிற்கிறது. இத்தகைய வீக்கத்தின் கணக்கை 1940-களிலேயே வகுத்தவர்களில் முதன்மையானவர் பால் ஃபுளோரி. அவருக்கு 1974-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பருத்தித் துணி நீரைப் பிடிப்பது பெரும்பாலும் நுண்புழைகளால். அழுத்தினால் சந்து சுருங்கும், நீர் வெளியேறும். கூழ்மணியில் அழுத்தினாலும் நீர் வெளிவராது. குழந்தை உட்கார்ந்தாலும் தோல் உலர்ந்திருப்பதன் இரகசியம் இதுதான். இந்த வசதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இதை வகுப்பில் எளிதாகச் செய்து காட்டலாம். பயன்படுத்தாத புதிய டயாப்பர் ஒன்றைப் பிரித்து, பஞ்சை உதறினால் உப்புத்தூள் போன்ற மணிகள் உதிரும். மூக்கருகே கொண்டு செல்லாதீர்கள். அரைத் தேக்கரண்டித் தூளில் காய்ச்சி வடித்த நீரைச் சிறுகச் சிறுக ஊற்றினால் ஒரு தம்ளர் நீரும் களியாகிவிடும். இப்போது ஒரு தேக்கரண்டி சாப்பாட்டு உப்பைத் தூவுங்கள். களி குழைந்து நீர் பிரிந்து வருவதைக் காணலாம். வெளியிலும் அயனிச் செறிவு உயர்ந்துவிட்டதால் உள்ளே தள்ளும் அழுத்தம் குறைந்துவிட்டது. தூய நீரில் தன் எடையைப் போல 300 மடங்குக்குமேல் குடிக்கும் மணி, சிறுநீர் போன்ற உப்பு நீரில் ஏறத்தாழ 30 மடங்குதான் குடிக்கிறது. மழைநீரில் கிடந்த டயாப்பர் ஏன் தலையணை போல உப்பி வெடித்து ஓடையில் மணிகளைக் கொட்டியது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. மழை, உப்பில்லாத நீர்.

பள்ளத்தாக்குக்கு வந்த வழி

இந்தியச் சந்தைக்குப் பெரிய நிறுவனங்களின் டயாப்பர்கள் 1990-களின் நடுவிலிருந்து வரத் தொடங்கின. ஹக்கீஸ் முன்னே, பேம்பர்ஸ் 2006-இல், ஜப்பானின் யூனிசார்ம் நிறுவனம் இங்கே கிளை தொடங்கியது 2008-இல். காற்சட்டை போல மாட்டும் வகையும் ஒற்றைப் பொட்டலமும் வந்தபின் அது சிற்றூர்க் கடைக்கும் எட்டியது. விளம்பரமும் விலையும்தான் காரணம் என்று பலர் சொல்வர். மற்றொரு காரணத்தை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

கோடையில் மகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் சிவந்து புண்ணானது. குழந்தை மருத்துவர், முடிந்தவரை காற்றாட விடுங்கள் என்றார். அம்மா, "எதுக்குப்பா அந்தக் கருமத்தக் கட்டி வேக வைக்கிறீங்க? பழைய சேலையக் கிழிச்சுப் போட்டா ஆச்சு" என்று சொல்லி டிரங்குப் பெட்டியைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை பதினோரு சேலை. அவற்றில் பருத்தி இரண்டே இரண்டு. மற்றவை எல்லாம் பாலியெஸ்டர், நைலக்ஸ், கலப்பு. அம்மாவுக்கே வியப்பு. "நான் கட்டுனதெல்லாம் நூல் சேலைன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

பாலியெஸ்டர் இழையை 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்தனர். நம் நாட்டில் 1960-களில் டெரிலீன் சட்டை ஒரு கௌரவம். 1985-ஆம் ஆண்டின் ஜவுளிக் கொள்கை செயற்கை இழைகளின் மீதான வரிச்சுமையைக் குறைக்க வழிசெய்தபின் பாலியெஸ்டர் சேலை ஏழை வீட்டுச் சேலையாயிற்று. கசங்காது, சாயம் போகாது, கஞ்சி வேண்டாம், துவைத்தால் சட்டென்று காயும். வயலுக்குப் போய்வரும் பெண்ணுக்கு இவையெல்லாம் பெரிய விடுதலை. ஆனால் சட்டென்று காய்வது ஏன்? அது நீரைக் குடிப்பதே இல்லை. 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் 8.5 விழுக்காடு ஈரத்தை ஏற்கும், பாலியெஸ்டர் 0.4 விழுக்காடு. இவ்வாறு வீடுகளில் இலவசமாகச் சேர்ந்துகொண்டிருந்த பழம்பருத்தி வற்றிப்போயிற்று. ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் பருத்திச் சேலை நெய்கிற வட்டாரம் இது. ஆனாலும் எங்கள் பெட்டியில் பருத்தி இல்லை. குழந்தைத் துணிக்கு வேண்டிய மூலப்பொருள் மறைந்த இடத்தில்தான் கடைச் சரக்கு வந்து உட்கார்ந்தது என்பது என் எண்ணம்.

கிடைத்த இரண்டு சேலையிலும் அந்துருண்டை வாசம். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். அந்துருண்டை நாப்தலீன் ஆனது. ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் உண்டு, வெளிப்பார்வைக்குத் தெரியாது. அத்தகைய குழந்தையை நாப்தலீன் ஏறிய துணியில் கிடத்தினால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரலாம். பிறந்த குழந்தைகளுக்கு இதனால் உயிராபத்தே நேர்ந்ததுண்டு. பெட்டிக்குள் அந்துருண்டையோடு கிடந்த துணியைப் பச்சைக்குழந்தைக்குத் தராமலிருப்பதே நல்லது. அந்த இரண்டையும் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தேனியில் வெள்ளைப் பருத்தித் துணி எடுத்து, நான்கு முறை கொதிநீரில் அலசி, கஞ்சி போக்கிச் சதுரமாக வெட்டினோம்.

வெட்டுவதற்கு முன் மனைவி ஒரு நிபந்தனை விதித்தார். "துணிக்கு மாறலாம். துவைக்கிறது நீங்கன்னா மாறலாம்." அவரும் வேலைக்குச் செல்பவர். இரவில் எழுந்து எழுந்து துணி மாற்றியவர். டயாப்பர் பெண்களுக்குத் தந்த உறக்கத்தை, வாளியைத் தொடாத ஆண்கள் ஏளனம் செய்வது எளிது. நானும் அதுவரை அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

சுற்றுச்சூழலுக்குத் துணிதான் நல்லதா? இதிலும் பொத்தாம்பொதுவாகப் பேச முடியாது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட கணக்கில், ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டில் ஏறத்தாழ 3,800 எறியும் டயாப்பர் என்று கொண்டு, அதனால் வெளியாகும் பசுங்குடில் வாயு சுமார் 550 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று கண்டார்கள். துணிக்கு 570! அந்நாட்டு வழக்கப்படி சூடான நீரில் எந்திரத்தில் துவைத்து, ஓரளவு மின் உலர்த்தியில் காய வைத்ததன் விளைவு. வாளி நிறையச் சேர்த்துத் துவைத்து, கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் 200 கிலோகிராம் குறையும் என்றும் அதே அறிக்கை சொன்னது. 2023-இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட புதிய கணக்கில் துணி சுமார் 25 விழுக்காடு முந்தியிருந்தது.

நம் கணக்கு எளிது. பிழிந்த துணி ஒன்றில் 60 கிராம் நீர் என்றால், நாளுக்குப் பத்துத் துணிக்கு 600 கிராம். ஆவியாக்கக் கிலோவுக்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வீதம் 1,440 கிலோஜூல், அதாவது 0.4 யூனிட் மின்சாரம். எங்கள் ஊரில் இதைச் சூரியனும் ஆடிக்காற்றும் கட்டணமின்றிச் செய்கின்றன. கணவாய் வழியே இறங்கி வரும் அந்தக் காற்று மழையை மலைக்கு அப்பாலேயே உதறிவிட்டு வருவதால் வறண்டது. எனவே ஆவியாதல் விரைவு. வெயிலின் புறஊதாக் கதிர் கிருமிகளையும் குறைக்கும். தண்ணீர்தான் சிக்கல். ஆழ்குழாய்க் கிணற்றின் கடினநீரில் சோப்புப் போட்டால் கால்சியம் உப்பு இழையில் படிந்து துணி அட்டையாகும், உறிஞ்சாது, தோலையும் உரசும். சோப்புக்குப் பதிலாகச் சலவைத்தூளைக் குறைவாக இட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர்க் குழாயின் மென்னீரை எடுத்துக்கொண்டோம்.

எறிந்த டயாப்பர் எங்கே போகிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும். ஊர்ப்புறத்தில் குப்பையைக் கொளுத்துவார்கள். 200 கிராம் சிறுநீர் குடித்த டயாப்பர் எரியுமுன் அந்த நீரை ஆவியாக்கவே சுமார் 500 கிலோஜூல் வேண்டும். ஆகவே வெளித்தாள் கருகிப் புகையும், உள்ளே களி அப்படியே கிடக்கும். மட்க 500 ஆண்டு ஆகும் என்ற செய்தியை நான் வகுப்பில் சொல்வதில்லை. பாலித்தீன் கண்டுபிடித்ததே 1933-இல். 500 ஆண்டு யாரும் காத்திருந்து பார்த்ததில்லை. நம் ஆயுளுக்குள் மட்காது என்பது மட்டும் போதும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயாப்பரைத் தனியே உறையிலிட்டுக் கொடுக்க வேண்டும், உறையைத் தயாரிப்பாளர் தரவேண்டும் என்றன. எங்கள் தெருவில் குப்பை வண்டி தள்ளிவரும் தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் பிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டுப் பின் எறிய வேண்டும் என்பது பல பொட்டலங்களிலேயே அச்சிட்டிருக்கும். செய்வோர் அரிது. குழந்தையின் மலம் தீங்கற்றது என்பது நம்பிக்கை மட்டுமே. நோய்க்கிருமி அதில் குறைவில்லை. முன்பு சலவைக்காரப் பெண்ணின் கைக்குப் போன வேலை இன்று இவர் கைக்குப் போகிறது. இடைப்பட்ட காலத்தில் தாயின் கையில் இருந்தது.

இப்போது பகலில் துணி. பயணத்திற்கும் சில இரவுகளுக்கும் கடைச் சரக்கு. துணியின் மலத்தைக் கழிப்பறையில் அலசிவிட்டு வாளியில் ஊறப்போடுவது, காலையில் துவைப்பது, கொடியில் போடுவது என் வேலை. மகளின் புண் பத்து நாளில் ஆறியது. துணியாலா, காற்றாட விட்டதாலா, அடிக்கடி மாற்றியதாலா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் இரண்டாவது குழந்தை இல்லை. ஆடி முதல் வாரம் ஒரு நாள் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். கொடியில் போட்ட நாற்பதாவது நிமிடம் துணி காய்ந்திருந்தது. ஐம்பதாவது நிமிடம் ஒன்று பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில் தொங்கியது. அம்மா வந்து, "ரெண்டு கிளிப்பு வாங்கிப் போடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.